முகுவுக்கு அடுத்த இரவு

இன்று நம் ஆய்வுநிலையத்தின் களஞ்சிய அறையைக் கழுவினார்கள். வலைகளுக்கும் வாளிகளுக்கும் பின்னாலிருந்து உம்முடைய ஒற்றை றப்பர் சப்பாத்து வெளியே வந்தது. உள்ளே காய்ந்த சேறு. தண்ணீர் பட்டதும் உப்பும் அழுகிய சிப்பியும் கலந்த அந்த வடகடல் மணம் எழும்பியது. எறியவா என்று கேட்டார்கள். பறித்து வைத்துக்கொண்டேன். நீர் போய் இது இரண்டாவது வசந்தம்.

எழுபதுகள் தொடங்கிய நேரம். ஹம்பர்க்குக்கு வடக்கே இந்தக் கரையூரில் யாழ்ப்பாணத்துத் தமிழ் பேச நாம் இரண்டு பேர்தான். நான் சிப்பிகளை ஆராய வந்தேன், நீர் சேற்றுப் புழுக்களை. அதற்கு முன் நீர் ஹவாயில் படித்திருந்தீர். அங்கே உம்மோடு வேலை செய்த மீனவக் குடும்பத்துப் பெண்ணொருத்தி, சந்திரனின் முப்பது இரவுகளுக்கும் அவர்கள் வைத்திருக்கும் பெயர்களைச் சொல்லித் தந்தாளாம். மெல்லிய பிறை தெரியும் இரவு ஹிலோ. முழுநிலவு ஹோகு. நிலவே இல்லாத கடைசி இரவு முகு. பிறகு மறுபடி ஹிலோ.

அதை அப்படியே ஜெர்மனிக்குக் கொண்டுவந்துவிட்டீர். நண்டு ஓடு கழற்றியது இந்த ஹிலோவில், காட்டு வாத்துகள் வடக்கே போனது அந்த ஹோகுவில் என்று அறைச் சுவரில் எழுதிவைப்பீர். வீட்டுக்காரி உமக்கு விசர் என்று நினைத்தாள். நானும் பாதி அப்படித்தான் நினைத்தேன். அரைநிலவை ஒட்டி வருபவை ஓலே இரவுகள். அப்போது அவர்கள் கடலுக்குப் போகமாட்டார்களாம். வலை பொத்துவார்கள், களை பிடுங்குவார்கள். "பாரும் ஐசே, அட்டமி நவமியிலை ஹவாய்க்காரரும் வெளிக்கிடமாட்டினம்," என்று சிரிப்பீர்.

அப்படிப்பட்ட நீரே அந்தச் சித்திரையில் ஓலே நாளொன்றில் வெளிக்கிட்டீர். புலமைப்பரிசிலை நீட்டக் கேட்கும் விண்ணப்பம், இங்குள்ளவர்கள் சொல்லும் அன்ட்ராக், அந்த வாரம் போகவேண்டும். வசந்தகாலப் புழு கையில் இல்லாமல் அதை அனுப்ப முடியாது. அது தவறினால் ஆராய்ச்சியைப் பாதியில் போட்டுவிட்டு ஊருக்குக் கப்பலேற வேண்டியதுதான்.

"இண்டைக்கு ஓலே எல்லோ?" என்று கேட்டேன்.

"ஓம். அது அன்ட்ராக்குக்கு விளங்காது. வாறீரோ, இல்லையோ?"

வந்தேன். கடல் வற்றிய சேற்றுவெளியில் நடந்தோம். எங்கள் ஊர்க் கடல் வற்றினாலும் பெருகினாலும் முழங்காலளவுதான் வித்தியாசம். அந்தப் பழக்கத்தில் இரண்டு பேருமே வற்றும் நேரத்தை மட்டும் பார்த்துவிட்டு வந்திருந்தோம். அரைநிலவில் இந்தக் கடல் அரைகுறையாகத்தான் வற்றும் என்பது படித்தும் புத்தியில் ஏறவில்லை. நடுவழியில், கடக்கவேண்டிய ஓடை இடுப்பளவு தண்ணீரோடு கிடந்தது.

"கடப்பம்," என்றீர்.

"ஏலாது. திரும்பி வர விடாது."

"புழு அங்காலைதானே கிடக்கு!"

"நீர் உயிரோடை இருந்தால்தானே புழு!"

ஓடையையே பார்த்துக்கொண்டு நின்றீர். அதற்குள் மூடுபனிப் புகார் இறங்கிவிட்டது. திரும்பினால், இறங்கிவந்த கரையணையைக் காணவில்லை. எந்தப் பக்கமும் ஒரே சாம்பல் நிறம். காலடியில் தண்ணீர் ஊரத் தொடங்கியது. கண்டபடி ஓடப் பார்த்தேன்.

நீர்தான் கையைப் பிடித்து நிறுத்தினீர். "சத்தத்தைக் கேளும்." தூரத்தில் காட்டு வாத்துகள். கடல் பெருகும் நேரம் அவை கரையணையோரப் புல்லில் மேயும் என்பதும் உம்முடைய சுவரில் இருந்தது. அந்தப் பக்கமாக நீர் முன்னே, நான் பின்னே. இருவரும் ஒரே குழியில் புதையக்கூடாது என்று இடைவெளி விட்டு நடந்தோம். ஒருவரையொருவர் தவறவிடாதிருக்க இரவுகளின் பெயரை வரிசையாகக் கூப்பிட்டோம்.

"ஹிலோ!"

"ஹோஅகா!"

நீர் ஒன்று, நான் ஒன்று. இடையிடையே மூச்சைப் பிடித்துக்கொண்டு வாத்துகளைக் கேட்டோம். ஓலே இரவுகள் வந்தபோது உம்முடைய குரலில் கோபம் இருந்தது. தண்ணீர் கணுக்காலைத் தாண்டி முழங்காலுக்கு வந்தது. கடைசி இரவு என்னுடையது. "முகு!" என்று கத்தினேன்.

பதில் இல்லை.

"முகு! ஐசே, முகு!"

தண்ணீர் அடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. அந்த நேரத்தில் நான் கூப்பிடாத தெய்வமில்லை. பிறகு இருமலோடு உம்முடைய குரல் வந்தது: "ஹிலோ... என்ரை சப்பாத்தைச் சேறு இழுத்துப்போட்டுது. ஹிலோ!"

காலில் புல் தட்டுப்பட்டபோது இருவரும் வெட்கமில்லாமல் அழுதோம். அடுத்த ஹோகுவில் போய்ப் புழு எடுத்தீர். அன்ட்ராக் பிந்தித்தான் போனது. ஆனாலும் புலமைப்பரிசில் நீட்டிக் கிடைத்தது. ஆயுள்தான் நீட்டிக் கிடைக்கவில்லை. உமக்கு நெஞ்சுவலி வந்த காலையில் நான் ஹம்பர்க்கில் இருந்தேன். ரயில் வந்து சேருமுன் போய்விட்டீர். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

இப்போது சுவரில் நான் எழுதுகிறேன். ஓலே நாட்களில் சேற்றில் இறங்குவதில்லை. இங்குள்ளவர்கள் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும். வாத்துகள் வந்துவிட்டன. மாலையில் கரையணையில் நடக்கும்போது உம்முடைய இரவுகளையும் சேர்த்து நானே சொல்லிக்கொண்டு போகிறேன். முகு வரைக்கும் சொல்லிவிடுவேன். அடுத்தது உம்முடைய முறை. அந்த ஹிலோவை உமக்கே விட்டுவிட்டு, வீட்டுக்குத் திரும்புகிறேன்.