லோரிக்குக் கட்டிய மாலை

செகிஞ்சான்

அன்புள்ள அப்பாவுக்கு ரூபினியின் வணக்கம். சுங்கை பட்டாணியில் மழை விட்டதா? உங்கள் முழங்கால் வலி எப்படி? நான் நன்றாக இருக்கிறேன். போனில் சொன்னால் அம்மா பாதியிலேயே அழுதுவிடுவார், அதனால்தான் எழுதுகிறேன்.

"பதினெட்டு வயசுல என்ன வியாபாரம், ஆலை வேலைய ஒழுங்கா பாரு" என்றீர்கள். அரிசி ஆலைக்கும் போகிறேன், மாலையும் கட்டி விற்கிறேன். போன வாரம்தான் கொஞ்சம் மானம் போனது. நெல் ஏற்றும் சுகுமாரன் அண்ணன் புது லோரிக்குப் பூசை போட மாலை கேட்டார். சாமிக்குக் கட்டுவதுபோல் வாழைநாரில் கட்டிக் கொடுத்துவிட்டேன். மெயின் ரோட்டில் ஏறியதும் காற்றில் மாலை அறுந்து, பின்னால் வந்த கார்களுக்கெல்லாம் பூ அபிஷேகம்! ஆலையே சிரித்தது.

நான் விடவில்லை. மீன்பிடித் துறைமுகத்தில் தூண்டில் நரம்பு வாங்கி, புது மாலை கட்டி, காசு வாங்காமல் கொடுத்தேன். நேற்று அண்ணன் வந்து, "கிள்ளானுக்குப் போய்ட்டு வந்துட்டேன், ஒரு பூகூட விழல லா!" என்று ஊருக்கே கேட்கக் கத்தினார். அவருடைய சீன முதலாளி ஆயுத பூசைக்குப் பதினொரு லோரிக்கும் என்னிடமே மாலை சொல்லிவிட்டார்.

அப்பா, நீங்கள் ஓட்டும் ஸ்கூல் பஸ்ஸின் முன்பக்கத்தை அளந்து சொல்லுங்கள். இந்த வருஷம் அதற்கும் என் மாலைதான். ஆனால் தபாலில் அனுப்பினால் பூ வாடிவிடும். அம்மாவை ஏற்றிக்கொண்டு பஸ்ஸோடு நீங்களே வந்துவிடுங்கள்.

வெளியே லோரி ஹாரன் அடிக்கிறது, போகிறேன்.

உங்கள் மகள்,
முதலாளி ரூபினி