வாழைமரத்துப் பக்கம்

வடக்கனந்தல்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள மகன் பகலவனுக்கு அம்மா எழுதுவது. நீயும் ஷாலினியும் குழந்தையும் டப்ளினில் சுகமாக இருக்கிறீர்களா? என் சுகத்தை நான் எழுதத் தேவையில்லை. பின்கட்டில் நீ மாட்டிவிட்டுப் போன கேமராவில் நான் துணி உலர்த்துவதையும் கீரை ஆய்வதையும் தினமும் பார்க்கிறாய். உன்னைப் பார்க்க என்னிடம் ஒன்றும் இல்லை, ஆகையால் சுகமா என்று கேட்கும் வேலை இப்போது எனக்கு மட்டும்தான். போனில் சொல்லக்கூடாதா என்பாய். போனில் நான் இரண்டாவது வாக்கியத்துக்கு வருவதற்குள் உனக்கு மீட்டிங் வந்துவிடுகிறது. கடிதத்தை நடுவில் துண்டிக்க முடியாது, அதனால் எழுதுகிறேன்.

இங்கே மழை பரவாயில்லை, கோமுகி அணையில் தண்ணீர் ஏறியிருக்கிறது. கரும்பு வெட்ட ஆள் கிடைக்காமல் நிற்கிறது. வலது முழங்கால் மாடிப்படி ஏற விடுவதில்லை, ஷாலினி அனுப்பிய தைலம் வாசனையாக இருக்கிறது, அவ்வளவுதான், ஆனாலும் நன்றி சொன்னதாகச் சொல். நம் வீட்டு வேலைக்கு வரும் அமிர்தம் தன் மகளுக்குத் திருக்கோவிலூரில் மாப்பிள்ளை பார்த்து முடித்துவிட்டாள், பையன் மருந்துக்கடையில் இருக்கிறானாம். குழந்தைக்குத் தமிழ் எழுத்து சொல்லிக்கொடுக்கிறீர்களா இல்லையா? போனில் என்னைப் பார்த்து ஹாய் என்கிறாள். அவளுக்குத் தெரிந்தது அவ்வளவு, அவளைக் குறை சொல்லவில்லை. குறை சொல்ல வேண்டியது வேறு இருக்கிறது.

கேமரா ஏன் திரும்பியிருக்கிறது, போன் ஏன் ஓயாமல் அடிக்கிறது என்று ஒரு வாரமாகக் கேட்கிறாய். கடிதம் வரும் என்று மட்டும் சொன்னேன். இதுதான் அந்தக் கடிதம்.

போன தையில் வந்தபோது நீ சீட்டுக்கட்டு அளவில் ஒரு கம்ப்யூட்டரை வைத்து, அதில் ஒரு கேமராவைச் செருகி, ஜாவாஸ்கிரிப்டில் நீயே புரோகிராம் எழுதினாய். எனக்கும் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தாய், நின்றுபோனால் பழைய லேப்டாப்பிலிருந்து ஓடவிடத் தெரிய வேண்டும் என்று. அதில் எனக்கு மகிழ்ச்சிதான், பொய் சொல்லமாட்டேன். கான்வென்டில் படித்துவிட்டு டைப்ரைட்டிங் ஹையர் வரை போனவள் நான், உன் வரிகள் எனக்கு ஒன்றும் பூதமில்லை. ஒரு படம் எடு, கொஞ்சம் பொறு, இன்னொரு படம் எடு, இரண்டையும் ஒப்பிடு, வித்தியாசம் அதிகமானால் பகலவன் போனுக்கு அனுப்பு. அவ்வளவுதானே? ஆனால் காற்றடித்து வாழை இலை ஆடினால்கூட உனக்குப் படம் வந்தது. ஆபீசில் எல்லோரும் சிரித்தார்கள் என்றாய். அதனால் படத்தின் வலது பாதியைக் கணக்கில் எடுக்காமல் வெட்டி எறி என்று ஒரு வரி சேர்த்தாய். பக்கத்திலேயே இரண்டு சாய்ந்த கோடு போட்டு, அம்மாவின் வாழைமரம், தொல்லை, என்று இங்கிலீஷில் எழுதிவைத்தாய். அந்தச் சாய்ந்த கோட்டுக்குப் பிறகு எழுதுவதைக் கம்ப்யூட்டர் படிக்காது, அது மனிதருக்கு என்று நீதான் சொன்னாய்.

இனி அம்மாசி விஷயம். மலைமேல் கரியாலூரிலிருந்து உன் அப்பா காலம் தொட்டு வருகிற மனிதர். மேலே விளைந்த சாமையையும் கடுக்காயையும் தலைச்சுமையாகவும் பஸ்ஸிலுமாகக் கொண்டுவருவார். குழாயடியில் வாழைமரத்தடியில் சுமையை இறக்குவார், கை கால் கழுவுவார், பிறகு நெல் அறையைத் தானே திறந்து, தானே மரக்காலில் அளந்து, பதிலுக்குத் தனக்கு வேண்டிய நெல்லை மூட்டை கட்டிக்கொண்டு தாழ்ப்பாளைப் போட்டுவிட்டுப் போவார். நான் மத்தியானம் படுத்திருந்தால் எழுப்பமாட்டார். அவர் அளந்ததை நாம் பார்ப்பதில்லை, நாம் வாங்கிக்கொண்டதை அவர் நிறுப்பதில்லை. நின்று பார்த்தால் அது இரண்டு பக்கமும் கேவலம் என்று உன் அப்பா சொல்வார். இதெல்லாம் உனக்குத் தெரியாதது இல்லை. நீ அவர் தோளில் உட்கார்ந்து மலைக்குப் போயிருக்கிறாய், இறங்கமாட்டேன் என்று அழுதிருக்கிறாய்.

போன வாரம் ஒரு மத்தியானம் அவர் வந்தார். சுமையை இறக்கியது வலது பாதி, அதை நீ வெட்டிவிட்டாய். நெல் அறை இடது பாதி, அது மட்டும் உனக்கு வந்தது. மேலிருந்து எடுத்த படம், தலையில் துண்டு, முதுகு, மூட்டை. எனக்குப் போன் போட்டு இது யாரம்மா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அம்மா பயந்துவிடுவாள், தூங்கட்டும் என்று நினைத்தாயாம். என் வீட்டில் திருடன் என்று உலகத்துக்கெல்லாம் சொல்லலாம், எனக்கு மட்டும் சொல்லக்கூடாது. நம் சொந்தக்கார வாட்ஸ்அப்பில் போட்டாய், உன் சித்தப்பா மகன் இளஞ்செழியனுக்குத் தனியாகவும் அனுப்பினாய். அவனுக்குச் சொல்ல வேண்டுமா? மோட்டார் சைக்கிளில் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு கச்சிராயபாளையம் பஸ் ஸ்டாண்டில் போய் அவரைப் பஸ்ஸிலிருந்து இறக்கியிருக்கிறான். சட்டையைப் பிடித்து, யார் வூட்டு நெல்லுடா இது, இன்னா தைரியம் உனக்கு, கேமராவுல மாட்டிக்கினு பொய் வேற சொல்றியா என்று கேட்டிருக்கிறான். அம்மா வூட்டு நெல்லுங்க, அம்மாவையே கேளுங்க என்று அவர் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். கேட்கத்தான் ஒருவருக்கும் தோன்றவில்லை. எல்லோர் எதிரிலும் மூட்டையை அவிழ்க்க வைத்தார்கள். பூக்கடைக்காரி வந்து, யோவ் இவரு வருஷா வருஷம் வர்றவருய்யா, உங்க பெரியம்மாவுக்குச் சாமை தர்றவரு என்று சத்தம் போட்ட பிறகுதான் விட்டிருக்கிறார்கள். அதற்குள் கீழே சிந்திய நெல்லை அவர் ஒவ்வொன்றாகப் பொறுக்கினாராம். அமிர்தத்தின் தம்பி பார்த்திருக்கிறான்.

அப்போது நான் எழுந்து முகம் கழுவிக்கொண்டிருந்தேன். உன் போன் வந்தது. பார்த்தியாம்மா, கேமரா வேணாம் வேணாம்னியே, இப்ப இன்னா சொல்ற என்றாய். உன் குரலில் அத்தனை சந்தோஷத்தைப் பல வருஷமாக நான் கேட்டதில்லை. கொல்லைக்கு வந்து பார்த்தேன். வாழைமரத்தடியில் சாமை மூட்டையும் கடுக்காய்ப் பையும் இருந்தன. மேலே இரண்டு பலாச்சுளைப் பொட்டலம், இலையில் சுற்றி. குழந்தை வந்திருக்கிறாளோ என்று நினைத்திருப்பார்.

நான் இளஞ்செழியனைக் கூப்பிட்டு நிற்க வைத்துக் கேட்டேன். எனக்கு இன்னா பெரிம்மா தெரியும், பகலவன் அண்ணந்தான் திருடன்னு போட்டுச்சு என்றான். அவன் மீது எனக்குப் பாதிக் கோபம்தான். அவனுக்கு எதையும் யோசிக்கச் சொல்லிக்கொடுக்கவில்லை. உனக்குச் சொல்லிக்கொடுத்தோம், அதற்காக உன் அப்பாவும் நானும் என்னென்ன விட்டுக்கொடுத்தோம் என்பதை எழுதமாட்டேன், அது எழுதுகிற விஷயமில்லை. கம்ப்யூட்டர் மீதும் எனக்குக் கோபமில்லை. பாதியைப் பார்க்காதே என்றாய், அது பார்க்கவில்லை. பாதிதான் பார்க்கிறோம் என்பது அதற்குத் தெரியாது. உனக்குத் தெரியும். அந்த வரியை எழுதியவன் நீ.

மறுநாள் முழங்காலோடு பஸ் ஏறிக் கரியாலூர் போனேன். அம்மாசி என்னை வெளியில் நிறுத்தவில்லை, அவர் மருமகள் பாய் போட்டுத் தேன் கலந்து தண்ணீர் கொடுத்தாள். நடந்தது தப்பு என்று நான் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல், நீங்க இன்னா பண்ணுவீங்கம்மா, இனிமே உங்க வூட்டப் பொட்டி பாத்துக்கும், நான் எதுக்கு என்றார். நானே வந்து உங்களிடம் நெல்லை அளந்து தருகிறேன் என்றேன். அளந்து வாங்கறதுக்குக் கடை இருக்குதும்மா என்று சொல்லிவிட்டார். அன்று எடுத்துப்போன நெல்லைக் கட்டியபடியே வைத்திருந்தார், அதை அப்படியே நான் ஏறிய பஸ்ஸில் ஏற்றிவிட்டார். சாமையை மட்டும் திரும்ப வாங்க மாட்டேன் என்றுவிட்டார். கிளம்பும்போது, தம்பி மேலருந்துதான பாத்துது, மூஞ்சி தெரிலன்னா இன்னா பண்ணும் என்று அவரே உனக்காகச் சமாதானம் சொன்னார். அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் போல ஒரு அவமானம் எனக்கு இந்த வயதில் வந்ததில்லை. நெல் மூட்டை இன்னும் நடையில் இருக்கிறது. அறைக்குள் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

வந்ததும் அமிர்தத்தை ஸ்டூலைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி ஏறினேன். ஏம்மா, வுழுந்து கிழுந்து வச்சீன்னா என்னைத்தான் கேமராவுல புடிப்பாங்க என்றாள். கேமராவை வலது பக்கமாகத் திருப்பிவைத்தேன். இப்போது நீ பார்க்கிற இடது பாதியில் வாழைமரம் இருக்கிறது. நெல் அறை எதிலும் இல்லை. இலை காலையிலிருந்து சாயங்காலம் வரை ஆடும், உன் போன் அடிக்கும், அடிக்கட்டும். அங்கிருந்தே அந்தப் பாதியையும் வெட்டிவிட உன்னால் முடியும் என்று எனக்குத் தெரியும். வெட்டினால் அதற்குப் பார்க்க ஒன்றும் மிச்சம் இருக்காது, நீ என்ன முடிவு செய்தாய் என்று எனக்கும் தெரிந்துவிடும்.

வாட்ஸ்அப்பில் மன்னிப்பு என்று ஒரு கைகூப்பின படம் போட்டாயாம், இளஞ்செழியன் காட்டினான். அம்மாசியிடம் அது போய்ச் சேராது. அப்பாவின் திதிக்கு மாசியில் நீ வர வேண்டும், லீவு இல்லை என்ற பேச்சு வேண்டாம். வந்து நெல் மூட்டையை நீயே தூக்கிக்கொண்டு என்னோடு கரியாலூர் பஸ் ஏற வேண்டும். அங்கே நான் பேசமாட்டேன், நீ பேசு. அவர் வருவாரா மாட்டாரா என்பது அவர் இஷ்டம். சாமையை அதுவரை நான் உலையில் போடப்போவதில்லை.

நீயும் ஷாலினியும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும், குழந்தை நல்ல புத்தியோடு வளர வேண்டும், இதில் என் கோபம் எதுவும் கலக்கவில்லை. குளிரில் காதை மூடிக்கொள். ஒன்றை மறக்காதே, அந்தப் புரோகிராமைத் திறந்து பார். தொல்லை என்று நீ எழுதிய வரிக்குக் கீழே நானும் இரண்டு சாய்ந்த கோடு போட்டு ஒரு வரி தட்டியிருக்கிறேன், கம்ப்யூட்டர் படிக்காது, நீ படி. அம்மாசி சுமை இறக்கும் இடம்.

இப்படிக்கு,
உன் அம்மா
ரா. பெரியநாயகி