உடையாத தகடு

அக்கா,

உங்கள் பெயருக்கு வந்த கடித உறை ஒன்று மூன்று வாரமாக என் மேசையில் இருக்கிறது. உங்கள் மகள்தான் கொண்டுவந்து தந்தாள். "அம்மா தேடின ஆமிக்காரன்ர விஷயம் போல கிடக்கு. நீங்களே உடைச்சுப் பாருங்கோ மாமா," என்றாள். அதைப் பிரித்தபோது, தோட்ட வேலிக்கு அப்பால் நின்று நீங்கள் என்னைக் கூப்பிட்ட நாள் ஞாபகம் வந்தது.

ஜெர்மனியின் ஆஹென் நகரத்து ஓரத்தில் நம் இருவருக்கும் அடுத்தடுத்த தோட்டத் துண்டுகள். உருளைக்கிழங்குப் பாத்தியைக் கிளறிக்கொண்டிருந்த உங்கள் மண்வெட்டியில் ஏதோ தட்டியது. தண்ணீர் விட்டுக் கழுவினால் முட்டை வடிவத்தில் ஒரு தகடு. நடுவில் மூன்று நீளத் துளைகள். மேல்பாதியிலும் கீழ்ப்பாதியிலும் ஒரே எண், ஒரே எழுத்துகள். போர்க்காலத்து ஜெர்மன் சிப்பாயின் அடையாளத் தகடு என்று இணையத்தில் தேடிக் கண்டுபிடித்தேன். சிப்பாய் இறந்தால் கீழ்ப்பாதியை உடைத்துத் தலைமையிடத்துக்கு அனுப்புவார்களாம், மேல்பாதி உடலோடு போகுமாம்.

நீங்கள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தீர்கள். "இது உடைக்கேல்லைத் தம்பி. எண்டால் அவன் சாகேல்லை. இல்லாட்டி, செத்தது ஒருத்தருக்கும் தெரியாது. இதில எது எண்டு பாக்க வேணும்."

அந்த 'எது' உங்களை விடவில்லை. மறுநாளே பாத்தி முழுவதையும், எலும்பு ஏதும் தட்டுமோ என்று பயந்து பயந்து தோண்டிப் பார்த்தோம். வேறு எதுவும் இல்லை. பிறகு ராணுவ ஆவணக் காப்பகத்துக்கு எழுதி, தெர்மின் வாங்கி, அவர்கள் குறித்துக் கொடுத்த ஒரு வியாழக்கிழமை ஃப்ரைபுர்க்குக்கு ரயில் ஏறினோம்.

கைப்பையை வெளியே பூட்டி வைத்துவிட்டு, பென்சிலும் தாளும் மட்டும் எடுத்துக்கொண்டு வாசிப்பறையில் உட்கார்ந்தோம். தகட்டில் இருந்த படைப்பிரிவின் ஆவணக் கட்டுகள் வந்தன. பாதி தட்டச்சு, மீதி பழைய ஜெர்மன் கையெழுத்து. எனக்கு ஒரே கோடும் கொக்கியுமாகத் தெரிந்தது. நீங்களோ மளமளவென்று வாசித்தீர்கள். முதியோர் இல்லத்தில் இருபது வருஷம் வேலை செய்தபோது, கண் மங்கியவர்களுக்கு அவர்களுடைய பழைய கடிதங்களை வாசித்துக் காட்டிப் பழகிய எழுத்து அது. பக்கத்து மேசையில் ஓர் ஆய்வாளர் ஒரே சொல்லில் வெகுநேரம் முட்டிக்கொண்டிருந்தார். நீங்கள் எட்டிப் பார்த்து, அது காலில் போடும் "சப்பாத்து" என்று ஜெர்மனில் மெல்லச் சொன்னீர்கள். அதன்பிறகு மத்தியானம் வரை அவர் நான்கு தடவை உங்களிடம் வந்தார்.

ஆனால் நாம் தேடிய பெயர் கிடைக்கவில்லை. தகட்டில் இருப்பது அவர் முதலில் சேர்ந்த பிரிவு மட்டுமே என்றார் அங்கிருந்த பெண் அதிகாரி. எண்ணுக்கு உரிய ஆளின் பெயர் வேறு ஊரில் இருக்கும் பட்டியலில்தான் தெரியும், அதற்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும், பல மாதம் ஆகும் என்றார்.

"ஓம், ஆகட்டும். அன்ட்ராக்கைத் தாங்கோ," என்று விண்ணப்பப் படிவத்தைத் தமிழிலேயே கேட்டுக் கையை நீட்டினீர்கள். அவருக்குப் புரிந்துவிட்டது.

பதில் வருவதற்குள் நீங்கள் எங்களை விட்டுப் போய்விட்டீர்கள்.

அக்கா, அந்தச் சிப்பாய் அங்கே சாகவில்லை. தகடு தொலைந்ததால் அவருக்குப் புதிய எண் கொடுத்ததாகப் பட்டியலில் இருக்கிறது. கூடவே பெயரும் பிறந்த ஊரும். அந்த ஊர்த் தொலைபேசிப் புத்தகத்தில் அதே குடும்பப் பெயரில் ஒரே ஒரு எண்தான் இருந்தது. கூப்பிட்டேன். எடுத்தவர் அவருடைய மகள். அவருக்கே எழுபது வயது தாண்டிவிட்டது.

போன ஞாயிற்றுக்கிழமை தகட்டை எடுத்துக்கொண்டு போனேன். அவர் அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு சிரித்தார், பிறகு அழுதார், மறுபடியும் சிரித்தார். அவருடைய அப்பா பசி தாங்காமல் ஒரு தோட்டத்தில் படுத்து ஊர்ந்து கிழங்கு திருடியபோது கழுத்துக் கயிறு அறுந்ததாம். எதிரியைவிடத் தன் மேலதிகாரிக்குத்தான் அன்று அதிகம் பயந்ததாக அப்பா சாகும்வரை சொல்வாராம்.

பிறகு அவர் கேட்டார்: "முன்பின் தெரியாத ஒருவருக்காக அந்தப் பெண் ஏன் இவ்வளவு அலைந்தார்?"

ஃப்ரைபுர்க்கிலிருந்து திரும்பும்போது ரயில் ஜன்னலைப் பார்த்தபடி நீங்கள் சொன்னதை அவரிடம் சொன்னேன். "என்ர தம்பிக்கும் இப்பிடி ஒரு கட்டு எங்கையாவது இருந்தா, எந்தக் கையெழுத்தா இருந்தாலும் வாசிச்சிடுவன்." இலங்கையில், நம் ஊரில், சண்டையின் கடைசி மாதங்களில் காணாமல் போன தம்பி.  அவரைப் பற்றி நான் எதுவும் கேட்கவில்லை.

"அவர் பெயர் என்ன?" என்றார் அந்த அம்மா.

எனக்குத் தெரியவில்லை, அக்கா. ஒரு ஜெர்மன் சிப்பாயின் எண், பிரிவு, ரத்த வகை எல்லாம் மனப்பாடம். உங்கள் தம்பியின் பெயர் தெரியவில்லை. 

வீடு திரும்பியதும் உங்கள் மகளுக்கு போன் செய்தேன். முதலில் அவள் தயங்கினாள். பிறகு நிறுத்தாமல் பேசினாள்.

கேதீஸ்வரன். கடைசிப் பிள்ளை. இடது கையால் எழுதுவாராம். கணக்கில் கெட்டிக்காரராம். சைக்கிளில் உங்களைப் பின்னால் வைத்து மிதித்து, ஒருமுறை வாய்க்காலில் விழுத்தியிருக்கிறாராம்.

அடுத்த ஞாயிறும் அவளைக் கூப்பிடுவேன். கேட்க இன்னும் நிறைய இருக்கிறது.