இரண்டு வாக்கு உள்ள வீடு

பாரிஸ்
23.03.2025

அன்பின் மார்கிறட்டுக்கு,

உன் கணவன் ஜொய்சன் எழுதுவது. மாதாவின் கிருபையால் உயிரோடு இருக்கிறேன். முழங்கால் மட்டும் படியேற மாட்டேன் என்கிறது. உன் சுகம் நீ எழுதினால்தான் தெரியும். நத்தார்ப் பண்டிகைக்குப் போட்ட கடிதத்துக்கு ஒரு வரி பதில் இல்லை. மூன்று வருசத்துக்கு முன், “இனி போனில கதைக்க வேணாம், எழுதுங்க. எழுதினா பொய் சொல்லக் கை கூசும்” என்று சொல்லிப் போனை வைத்தாய். அன்றிலிருந்து நான் எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன். உனக்குத்தான் கை வருகுதில்லை.

நேற்று என்னோடு ஹோட்டல் குசினியில் வேலை செய்யும் நிலோஜன் போனைக் கொண்டுவந்து நீட்டினான். “அண்ணை, இது உங்கட ஊர்தானே?” பார்த்தால் நீ! கண்ணாடி போட்டு, நீலச் சேலை கட்டி, கை கூப்பிக்கொண்டு. கீழே ‘மாநகர முதல்வர் வேட்பாளர் திருமதி மார்கிறட் ஜொய்சன்’ என்று கிடந்தது. என் பெயரை இன்னும் வைத்திருக்கிறாய் என்பதை ஒரு துண்டுப்பிரசுரத்தில் பார்த்துத்தான் அறிந்தேன். கழிவறைக்குள் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

உங்கள் சுயேச்சைக் குழுவுக்குச் சின்னம் தையல் இயந்திரமாம். என் சேட்டுக்கு ஒரு பொத்தான் ஒழுங்காகத் தைத்திருப்பாயா நீ? ‘கணவர் பிரான்சில் பணிபுரிகிறார்’ என்றும் கிடக்கிறது. வெங்காயம் உரிக்கிறவனுக்கு இப்படி ஒரு மரியாதை செய்தது யார்?

பகிடி இருக்கட்டும். கோயில் பாட்டுக் குழுவிலேயே பின்வரிசையில் நின்றவள் நீ. இந்த வயதில் உனக்கு ஏன் இந்த வேலை? உண்மையைச் சொல்லி எழுது.

உன்
ஜொய்சன்


தாண்டவன்வெளி, மட்டக்களப்பு
04.04.2025

அன்பின் அத்தானுக்கு,

கடிதம் கிடைத்தது. முழங்காலுக்கு ஒத்தடம் கொடுங்கள். குளிருக்குள் நின்றுகொண்டு மருந்து வேண்டாம் என்று வீம்பு பிடிக்க வேண்டாம்.

பிரசுரத்தை எழுதி அச்சடித்தவர் கதிர்காமத்தம்பி. கரடியனாற்றுக்காரர். சின்ன அச்சுக்கூடம் வைத்திருக்கிறார். உங்கள் வயதுதான். மேடைக்கு வரமாட்டார், படத்துக்கு நிற்கமாட்டார், ஆனால் எங்கள் குழுவில் அவரைப் போல் பாடுபடுகிறவர் இல்லை. ‘தாயுள்ளம் கொண்டவர்’ என்று முதலில் எழுதிக்கொண்டு வந்தார். பிள்ளை இல்லாதவளுக்கு அது எதற்கு என்று நான்தான் வெட்டச் சொன்னேன்.

ஏன் இந்த வேலை என்று கேட்டீர்கள். முப்பத்திரண்டு வருசம் மிட்வைப் மிஸ்ஸாக இந்த ஊரின் ஒவ்வொரு ஒழுங்கைக்குள்ளும் சைக்கிள் உழக்கியவள் நான். மாரியில் இடுப்பளவு தண்ணீருக்குள் நடந்து போய்ப் பிள்ளைப்பெறு பார்த்திருக்கிறேன். வாவிக்கு ஓட வேண்டிய தண்ணீர் வீட்டுக்குள் ஓடுகிறது, ஏனென்றால் வடிகானை மூடி மதில் கட்டியாயிற்று. சந்தைக்கு மீன் விற்க வருகிற பெண்கள் காலையிலிருந்து தண்ணீர் குடிப்பதில்லை. கொண்டி உள்ள ஒரு கழிவறை அவர்களுக்குக் கிடையாது. எத்தனை கர்ப்பிணிகளுக்கு அதனால் சலக்கடுப்பு வந்து நான் ஆஸ்பத்திரிக்குத் துண்டு எழுதி அனுப்பியிருக்கிறேன்! வடிகான், கழிவறை, பிறகு வாவிக்கரையில் கொட்டுகிற குப்பை. மேயராக வந்தால் இந்த மூன்றுக்கும்தான் முதலில் கை வைப்பேன் என்று போகிற இடமெல்லாம் சொல்கிறேன்.

இது மேடைக்கான பதில். உண்மையான பதிலும் கேட்டீர்கள். பென்சன் எடுத்த நாளிலிருந்து எங்கள் கேற்றைத் திறக்கிறவர்கள் மீன்காரரும் நானும்தான். ஒரு நாள் காலை முதல் பின்னேரம் வரை ஒரு சொல்லும் பேசாமல் இருந்துவிட்டு, தேங்காய் வாங்கக் கடைக்குப் போனால் குரல் வரவில்லை. அத்தான், எனக்குப் பயம் பிடித்துவிட்டது. வேட்பாளர் என்றால் வீடு வீடாகப் போகலாம், யாரும் கதவைச் சாத்த முடியாது. “வாகா மிஸ், இரிகா” என்கிறார்கள். தேத்தண்ணி தருகிறார்கள்.

இனி உங்கள் விசயம். வருசா வருசம் விதானையார் வாக்காளர் படிவம் கொண்டுவருவார். நீங்கள் போன 1999இலிருந்து ஒவ்வொரு வருசமும் உங்கள் பெயரை எழுதி, ‘தற்காலிகமாக வெளியில்’ என்று போட்டு வந்தேன். “இன்னும் எழுதுறதா மிஸ்?” என்று விதானையார்மார் மாறி மாறிக் கேட்டார்கள். வெட்டினால் உங்களுக்கு நானே மண் போட்டது போல் இருக்கும். அதனால் வெட்டவில்லை.

போன ஞாயிறு கூட்டத்தில் எதிர்ப்பக்கத்து ஆள் ஒருவர் எழும்பி, “மிஸ், களவில்லாத மாநகர சபை எண்டு பேசுறீங்க. உங்கட வீட்டில எத்தின வோட்டு?” என்று கேட்டார். “ரெண்டு” என்றேன். “மற்ற ஆள் எங்க?” சனம் சிரித்தது. எனக்கு என்ன நடந்ததோ தெரியாது, மைக்கைப் பிடித்து, “அவர் வருவார். மே ஆறாந் திகதி வந்து, உங்கட கண்ணுக்கு முன்னால வோட்டுப் போடுவார்” என்று சொல்லிவிட்டேன். இந்தப் பேச்சு இப்போது ஊர் முழுக்கத் திரிகிறது. யாரும் முறையிட்டால் காட்டுவதற்கென்று உங்கள் பழைய அடையாள அட்டையைக் கதிர்காமத்தம்பி வாங்கி வைத்திருக்கிறார். படம் மங்கி, முகமே தெரியவில்லை.

விசா இருக்கிறது, பாஸ்போட் புதுப்பித்தாயிற்று என்று நத்தார்க் கடிதத்தில் நீங்கள்தான் எழுதினீர்கள். இருபத்தாறு வருசத்தில் நான் ஒன்றும் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன். வாருங்கள். வாக்கை எதிர்ப்பக்கத்துக்குப் போட்டாலும் பரவாயில்லை.

அன்புடன்
மார்கிறட்


பாரிஸ்
17.04.2025
பெரிய வியாழன்

அன்பின் மார்கிறட்டுக்கு,

வாறன்.

இந்தச் சொல்லை முதலில் எழுதிவிட்டுத்தான் மற்றதை எழுதுகிறேன், பிறகு கை பின்வாங்கிவிடும் என்று. மே மூன்றாந் திகதிக்கு டிக்கெட் பார்த்திருக்கிறேன். முதலாளியிடம் லீவு சொல்லிவிட்டேன். கொழும்பில் எனக்குக் கொஞ்ச வேலை இருக்கிறது, அதை முடித்துக்கொண்டு வருவேன். எத்தனை மணிக்கு, எதில் என்று கேட்காதே. யாரையும் ஸ்டேசனுக்கு அனுப்பாதே. நீயும் வராதே. சனம் பார்க்க வந்து இறங்க எனக்குக் கூச்சம்.

கூச்சம் ஏன் என்று உனக்குத் தெரியும். உன் அப்பா செபஸ்தியாம்பிள்ளை சீதனமாகக் கட்டித் தந்த வீட்டுக்கு ஒரு சூட்கேசோடு வந்த மாப்பிள்ளை நான். மேல்மாடி கட்டித் தருகிறேன் என்று சவால் விட்டுவிட்டுப் போனேன். போன புதிதில் விசா இல்லை. பிறகு விசா வந்தது, கையில் ஒன்றும் இல்லை. வெறுங்கையோடு உன் வாசலில் வந்து நிற்பதை நினைக்க நினைக்க, அடுத்த வருசம், அடுத்த வருசம் என்று இழுபட்டுப் போய்விட்டது. இங்கே எனக்கு வேறு குடும்பம் இருக்கிறது என்று ஊரில் கதைக்கிறார்களாம். இருந்திருந்தால் ஒருவேளை தைரியமாக வந்திருப்பேன். ஒரு கட்டில், ஒரு அலுமாரி, ஞாயிற்றுக்கிழமையில் கதைப்பதற்கு நிலோஜன். இவ்வளவுதான் நான்.

உன் கடிதத்தில் குரல் வரவில்லை என்று எழுதிய இடத்தைப் பலமுறை வாசித்தேன். எனக்கும் அப்படி நடந்திருக்கிறது.

வந்தால் கேற்றைத் திறப்பாய்தானே?

உன்
ஜொய்சன்


தாண்டவன்வெளி
16.05.2025

ஜொய்சனுக்கு,

தேர்தல் அன்று நடந்ததை வேறு யாரும் உங்களுக்கு எழுதுவதற்கு முன் நானே எழுதுகிறேன்.

நாலாந் திகதியிலிருந்து கேற்றைப் பூட்டவில்லை. ஆறாந் திகதி காலை, இரண்டு பேருமாகப் போய் வாக்குப் போடலாம் என்று பத்து மணி வரை பார்த்துக்கொண்டிருந்தேன். குழுவில் ஆள் மாறி ஆள் போன் எடுத்தார்கள். இனிப் பிந்தினால் வேட்பாளரே வரவில்லை என்று கதை கட்டுவார்கள் என்று தனியாகப் போனேன்.

வாக்குச் சாவடியில் வாக்காளர் பட்டியலோடு இருந்தவர் ஸஹீதா ரீச்சர். அவருக்கு மூத்த மகன் பிறந்தபோது பிள்ளைப்பெறு பார்த்தது நான்தான். என் பெயரைத் தேடினவர், மேலே இருந்த வரியைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “மிஸ், உங்கட அவரு ஏழு மணிக்கே வந்து போட்டுட்டுப் போயிட்டாரே. ரெண்டு பேரும் சேர்ந்து வரல்லியா?”

வாக்குச் சீட்டில் எங்கே புள்ளடி போட்டேன் என்று இன்றைக்கும் எனக்கு நினைவில்லை. வெளியே வந்ததும் ஓடினேன். அறுபத்தொரு வயதில், சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பட்டப்பகலில் ஓடினேன். வழியில் நின்றவர்கள் எங்கேயோ அடிபிடி என்று நினைத்து எனக்குப் பின்னால் வந்தார்கள். கோயிலுக்குள் பார்த்தேன். வாவிக்கரையில், முன்பு நீங்கள் தூண்டில் போடுகிற இடத்தில் பார்த்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தேன். சாமானை எங்கேயோ வைத்துவிட்டுச் சலூனுக்குப் போயிருப்பீர்கள், தாடி வழிக்காமல் என் முன்னால் வரமாட்டீர்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்தேன்.

அரை மணித்தியாலம் கழித்துக் கதிர்காமத்தம்பி வந்தார். முதல் நாள்தான், “என்ட வோட்டு கரடியனாத்திலகா, நாளைக்கு அங்க போக நேரமில்ல, இந்தமுறை விட்டுட்டன்” என்று சொன்னவர். அவருடைய இடது கைச் சின்ன விரலில் மை இருந்தது.

எனக்கு எல்லாம் விளங்கியது, உங்கள் பழைய அடையாள அட்டை அவரிடம்தானே இருந்தது. கேட்டேன். நிலத்தைப் பார்த்துக்கொண்டு, “அவர் வருவார் எண்டு நீங்க ஊருக்கு முன்னால சொன்னீங்க மிஸ். நேற்றுப் பின்னேரம் வரைக்கும் ஆளக் காணல்ல. உங்கட சொல்லு பொய்யாப் போகப்படாது எண்டுதான்” என்றார். அந்த மனுசனுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன்.

எங்கள் வட்டாரத்தில் நான் நாற்பத்தொரு வாக்கால் வென்றேன். ஒரு வாக்கால் என்ன வந்தது, பேசாமல் இருங்கள் என்று குழுவில் எல்லோரும் சொன்னார்கள். வேறு இரண்டு குழுக்கள் என்னை மேயராக்க ஆதரவு தருவதாகவும் சொல்லி அனுப்பின. மேயர் கதிரை அவ்வளவு கிட்டத்தில் இருந்தது. நான் தேர்தல் அலுவலகத்துக்குப் போய் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தேன். கதிர்காமத்தம்பியும் கூட வந்து கையெழுத்து வைத்தார். அவருக்கு வழக்கு வரும். எனக்கும் வரலாம். என் இடத்தைச் சுலக்ஷனாவுக்கு விட்டேன். இளம்பிள்ளை, கெட்டிக்காரி. மேயராக வராவிட்டாலும் கழிவறைகளுக்குக் கொண்டி போடாமல் விடமாட்டாள்.

கதிர்காமத்தம்பி உங்கள் பெயரில் பொய் சொன்னது ஒரே ஒரு காலையில். நான் இருபத்தாறு வருசம் சொன்னேன், அதுவும் கையெழுத்து வைத்து. எழுதினால் பொய் சொல்லக் கை கூசும் என்று உங்களுக்குச் சொன்னவள் நான்தான்.

உங்கள் இரண்டாந் திகதிக் கடிதம் நேற்றுத்தான் வந்தது. ஏயார்போட்டுக்குப் போக வெளிக்கிட்டால் கால் வராது என்று தெரிந்துவிட்டது, டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன், அடுத்த வருசம் நிச்சயம் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்குக் கோபம் இல்லை என்று எழுதமாட்டேன். கோபம் நிறைய இருக்கிறது. வெறுங்கையோடு வந்தால் நான் கேற்றைத் திறக்கமாட்டேன் என்று எப்படி நினைத்தீர்கள்?

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அந்த அரை மணித்தியாலம் நான் உங்களோடு சண்டை பிடிக்க யோசிக்கவில்லை. முழங்கால் நோவோடு எப்படி வந்திருப்பீர்கள், இறால் பொரிப்பதா குழம்பு வைப்பதா, கட்டிலில் எந்தப் பக்கம் படுப்பீர்கள் என்றுதான் யோசித்தேன். வென்ற செய்தி வந்தபோது அந்தச் சந்தோசத்தில் கால்வாசியும் எனக்கு வரவில்லை.

இனி எனக்கு எழுத வேண்டாம். தபால்காரரின் சைக்கிள் மணி கேட்டால் நான் இன்னும் கேற்றடிக்கு ஓடித்தான் போகிறேன். அதை நிறுத்திப் பழக வேண்டும்.

இப்படிக்கு
மார்கிறட் செபஸ்தியாம்பிள்ளை