அரைத்த வில்லை

பிப்ரவரி 11, செவ்வாய்

அம்மாவுக்கு ஹெப்பாள் ஃபேக்டரியில் இந்த மாதம் செகண்ட் ஷிப்ட். பள்ளி விட்டதும் அப்பா வேலை செய்யும் கல்லூரிக்குப் போகிறேன். இயற்பியல் ஆய்வகத்தில் அவர் அட்டெண்டர், கான்ட்ராக்ட். அவர் சாமான் கழுவும்போது நான் உரலைத் துடைப்பேன், பொடியை அழுத்தும் எந்திரத்தின் கைப்பிடியை இழுப்பேன். இன்று பர்னஸ் உலையிலிருந்து, அங்கே ஆராய்ச்சி செய்யும் உமாதேவி மேமின் புது வில்லை வந்தது. கறுப்பு, நாணய அளவு. திரவ நைட்ரஜனில் குளிர்ந்தால் தடையே இல்லாமல் மின்சாரம் போகுமாம்.

பிப்ரவரி 12

உடைத்துவிட்டேன்.

பிப்ரவரி 13

அப்பா தூங்கிவிட்டார். நேற்று அவர் ஸ்டோருக்குப் போனபோது டப்பாவைத் திறந்து வில்லையை எடுத்தேன். எதற்கு எடுத்தேன்? விழுந்து மூன்று துண்டு. அவர் வருவதற்குள் உரலில் அரைத்து, அச்சில் கொட்டி, அழுத்தி வைத்துவிட்டேன். பார்க்க அதே வில்லை. பொருளும் அதேதானே?

பிப்ரவரி 17, திங்கள்

அளந்தார்கள். நைட்ரஜனில் முக்கியும் மீட்டர் பூஜ்யத்துக்கு வரவில்லை. ஹெச்.ஓ.டி. அப்பாவைக் கூப்பிட்டார். ‘மெதுவா ஆறவிடச் சொன்னா, பர்னஸை ஆஃப் பண்ணிட்டு வீட்டுக்குப் போயிட்டியா? அதான் வில்லைக்குள்ள ஆக்ஸிஜன் ஏறல.’ வில்லை சுட்ட ராத்திரி முழுக்க அப்பா அங்கேதான் இருந்தார். ‘இல்லீங்க சார்’ என்று மட்டும் சொன்னார். மாதக் கடைசியோடு வேறு ஆள் அனுப்பச் சொல்லி ஏஜென்சிக்கு எழுதப்போகிறார்கள்.

பிப்ரவரி 18

காலையில் அம்மா, ‘அங்க தூங்கிட்டயா?’ என்றாள்.

‘இல்லடி. நாலு டீ குடிச்சேன்.’

‘அப்ப டீக்கடைக்காரனக் கூட்டிட்டுப் போய் சாட்சி சொல்லச் சொல்லு.’

அப்பா சிரித்தார். நான் இட்லியைத் தட்டிலேயே விட்டு எழுந்தேன்.

பிப்ரவரி 19

மேம் ஜூனியர்களுக்குச் சொன்னதைக் கேட்டேன். சுட்ட வில்லையில் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும், அதனால் மின்சாரம் தடையில்லாமல் போகும். ஒட்டாத துகள்களில் அப்படிப் போகாது. குளிர்ந்ததும் அது காந்தத்தையும் தள்ளும்; ஆனால் அதற்கு ஒட்டியிருக்க வேண்டியதில்லை, பொடியும் தள்ளும். ஒரே பொருள்தான், இருக்கும் வடிவத்தால் குணம் மாறுகிறது.

அப்படியென்றால் — பர்னஸ் தப்பென்றால், ஆக்ஸிஜன் ஏறாத பொடியும் தள்ளாது. தள்ளினால் அப்பா மேல் தப்பில்லை. ஆனால் அப்புறம், அரைத்தது யார் என்று கேட்பார்கள்.

பிப்ரவரி 20

சொல்லவில்லை.

பிப்ரவரி 21, வெள்ளி

சொன்னேன். ‘மேம், அதப் பொடி பண்ணி காந்தம் காட்டிப் பாருங்க.’

‘உனக்கெதுக்கு இந்த யோசனை?’ என்று கன்னடத்தில் கேட்டார்.

‘சும்மா.’

லேசாக அழுத்தியதுமே வில்லை உதிர்ந்தது. மேமின் முகம் மாறியது. பொடியைச் சின்னக் குழாயில் அடைத்து, நூலில் கட்டி, நைட்ரஜனில் முக்கி எடுத்தார். காந்தம் பக்கத்தில் வந்ததும் குழாய் விலகியது. மறுபடியும் விலகியது.

‘பர்னஸ் சரி. சுட்ட பிறகு யாரோ அரைச்சிருக்காங்க.’

அப்பா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தார். ‘நான்தாங்க மேம். கைதவறி உடைஞ்சிருச்சு.’

அவருக்கு எப்போது தெரிந்தது?

பிப்ரவரி 22

கன்னடத்தில் விளக்கக் கடிதம் கேட்டிருக்கிறார்கள். அப்பா படித்தது மேட்டூரில், ஐந்தாவது வரை. கன்னடம் பேசுவார், எழுத்து தெரியாது. வீட்டில் எல்லாக் கடிதமும் நான்தான்.

‘எழுது கண்ணு. என்ற கை தவறி உடைஞ்சிருச்சு, பயந்துட்டு அரைச்சு வெச்சுட்டேன்னு.’

‘வேல போயிரும்ப்பா.’

‘போனா போவுது. எழுது.’

எழுதினேன். எப்போதும்போல் வாசித்துக்காட்டச் சொன்னார். அவர் சொன்னதையே வாசித்தேன். தமிழில் கையெழுத்துப் போட்டார்.

காகிதத்தில் இருந்தது வேறு. அதில் என் பெயர் இருந்தது.

பிப்ரவரி 24, திங்கள்

ஹெச்.ஓ.டி. அதை அப்பாவுக்குச் சத்தமாகவே படித்துக் காட்டினாராம். ஏஜென்சிக்கு எழுதப்போவதில்லை. நான் இனி ஆய்வகத்துக்குள் வரக்கூடாது. பஸ்ஸில் அப்பா இரண்டு சீட் தள்ளிப் போய் உட்கார்ந்தார். அடித்திருந்தால் தேவலை.

மார்ச் 2, ஞாயிறு

சாப்பிட்டதும் அப்பா என் பழைய நோட்டை எடுத்துவந்து, ‘கன்னட எழுத்து சொல்லிக்குடு’ என்றார். அவர் பெயரை எழுதிக் காட்டினேன். பத்து முறை எழுதினார். ‘உன்ற பேரு?’ என்றார். அதையும் எழுதினேன். ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துப் பார்த்தார்.

‘ஜீவிதா’ என்று படித்தார். ‘அன்னைக்கு இதத்தான் எழுதுனியா?’