மூன்று மணி நேரத்துக்கு ஒரு யூனிட்

ஜனவரி 8

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நாங்கள் நலம். அப்பாவுக்கு ஆக்சிஜன் மெஷின் வந்துவிட்டது என்று எழுதி வயிற்றில் பால் வார்த்தாய். கூடவே கரண்ட் பில்லை நினைத்து ஒரு பக்கம் புலம்பியிருக்கிறாய்!

பொறாமைப்படாதே. இந்த நாட்டில் நான் வேலை பார்க்கும் அணையில் தண்ணீர் விழுகிறது, டர்பைன் சுற்றுகிறது, அவ்வளவுதான். அங்கே உங்களுக்கு நிலக்கரியைக் கப்பலில் கொண்டுவந்து எரிக்கிறார்கள். நீ ஒரு யூனிட்டுக்குக் கொடுக்கும் காசில் இங்கே நாலு யூனிட் எரிக்கலாம். பாலைவனத்தில் இருக்கும் என் சிநேகிதன் வீட்டுக் கூரை முழுக்க சோலார்; பகலில் அவனுக்குக் கரண்ட் சும்மா.

மெஷினுக்கும் கணக்குப் போட்டேன். அப்பாவின் மூன்று மணி நேர மூச்சுக்கு ஒரு யூனிட். அவர் இங்கே இருந்தால் கால் பங்குதான் செலவு. வாசித்துக் காட்டு, சிரிப்பார்.

அன்புத் தம்பி

பிப்ரவரி 2

என் செல்லத் தம்பிக்கு,

வாசித்துக் காட்டினேன். "பாரு, மூச்சுக்கே டிக்கெட் போட்டுட்டான்!" என்று சிரித்தார். முப்பது வருஷம் பஸ்ஸில் டிக்கெட் கிழித்தவர் அல்லவா? அந்த இடத்தை மட்டும் மறுபடி வாசிக்கச் சொன்னார். "அப்போ ஒரு நாளைக்கு எட்டு யூனிட்டா?" என்றார். "சும்மா இருங்கப்பா" என்றேன்.

மெஷின் நின்றால் கொஞ்ச நேரத்தில் உதடு நீலம் பாரிக்கிறது. கரண்ட் போனால் சிலிண்டரை மாட்டிவிட்டுக் கையைப் பிசைந்துகொண்டு நிற்பேன். பகலில் நான் தையல் கடையில். எதிர் வீட்டு டீச்சர்தான் எட்டிப் பார்க்கிறார். ஒரு நடை வந்து போயேன். நீ இல்லாவிட்டாலும் உன் அணையில் தண்ணீர் விழும்.

அக்கா

ஏப்ரல் 5

தம்பிக்கு,

பதில் போடக் கை வலிக்கிறதா?

ஓர் அதிசயம். பில்லில் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருக்கிறது! மீட்டர் பழுதோ என்று பயம். போய்க் கேட்கலாம் என்றால், "வந்த வரைக்கும் லாபம், வம்பை விலைக்கு வாங்காதே" என்கிறார் அப்பா. முன்னைவிட அசதியாக இருக்கிறார். பேச்சு பாதியில் நிற்கிறது. டாக்டர் வயது என்கிறார். பில் ஏன் குறைந்தது? இது உன் தொழிலாயிற்றே, சொல்.

அக்கா

ஏப்ரல் 20

அன்புள்ள அக்காவுக்கு,

கோபித்துக்கொள்ளாதே, லீவே கிடைக்கவில்லை. மீட்டரில் கோளாறு எதுவும் இல்லை. உங்கள் பக்கம் இது காற்று தொடங்கும் சமயம். காற்றாலைகள் ஓட ஆரம்பித்தால் நிலக்கரி குறையும், விலையும் இறங்கும். இன்னும் இறங்கும் பார்! அப்பாவிடம் சொல், கவலையில்லாமல் மூச்சு விடட்டும். வருஷக் கடைசியில் கட்டாயம் வருகிறேன்.

அன்புத் தம்பி

மே 11

தம்பிக்கு,

எல்லாம் முடிந்துவிட்டது. போனில் சொல்ல வாய் வராததை எழுதுகிறேன்.

அன்று கடையில் வேலை இல்லாததால் மத்தியானமே திரும்பினேன். மெஷின் ஓடினால் வாசல்வரை கேட்கும். சத்தமே இல்லை. கரண்ட் போய்விட்டது என்று ஓடினேன். எதிர் வீட்டில் டிவி ஓடிக்கொண்டிருந்தது.

அப்பா நாற்காலியில் இருந்தார். மூக்குக் குழாயைச் சுருட்டி மடியில் வைத்திருந்தார். சுவிட்சை அவரே அணைத்திருந்தார்.

டீச்சர் அழுதுகொண்டே சொன்னார்: "தினமும் நீ போனதும் அணைச்சிடுவாரு. நீ வர்ற நேரத்துக்குப் போட்டுப்பாரு. எவ்வளவோ சொன்னேன். 'மகளுக்கு தினம் மூணு யூனிட் மிச்சம், சொல்லிடாதீங்க'ன்னு கையைப் புடிச்சுக்கிட்டாரு."

பில்லை எடுத்துப் பார்த்தேன். விலை இறங்கவே இல்லை. யூனிட்தான் குறைந்திருந்தது. நான் பார்க்கவில்லை. நீ கேட்கவில்லை. உன் காற்றாலைக் கதையை வாசித்தபோது, "ஆமா ஆமா, காத்துதான்" என்று அப்பா தலையாட்டினார். நானும் நிம்மதியாகக் கடைக்குப் போய்வந்தேன்.

உன்மேல் கோபமில்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத வரவில்லை. எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன், அதுவும் வரவில்லை.

வருஷக் கடைசியில் வர வேண்டாம்.

அக்கா