ஏழுமலைக்கு நான் தேர்ந்தெடுத்த ரப்பர் சட்டை

என் அன்பு மச்சான் ஏழுமலைக்கு,

இன்று தை எட்டாம் தேதி. காலை ஒன்பது மணி பத்து நிமிடம். நீ போய் இன்றோடு பதினேழு நாள். என் மேசைமேல் ரப்பர் சட்டை இரண்டு, எண்ணெய்ச் சீசா ஒன்று. பத்து மணிக்கு உன் அண்ணன் தேவராசுவும் உன் மனைவி, என் தங்கை தனமும் இங்கே வருகிறார்கள். ஐம்பது நிமிடம் இருக்கிறது. அதற்குள் உன்னிடம் பேசிவிட வேண்டும்.

எனக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது. நீ எதனால் செத்தாய் என்று நேற்றுக் கண்டுபிடித்தேன். அவசரமாக எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் சிரிக்காதே.

அந்தச் சட்டையை வாங்கிய நாள் ஞாபகம் இருக்கிறதா? கார்த்திகைத் தொடக்கத்தில் நீ இரண்டு மணி நேரம் கடலுக்கடியில் நங்கூரம் தேடிவிட்டு உதடு நீலம் பாய்ந்து வந்து நின்றாய். கப்பல்காரர்கள் தொலைத்த நங்கூரத்தையும் சங்கிலியையும் எடுத்துத் தருவது உங்கள் தொழில். மார்கழியில் என்ன செய்வாய் என்று கேட்டேன். "செத்தா போவேன்?" என்றாய்.

வண்ணாரப்பேட்டையில் சண்டைக்காலத்துச் சாமான் விற்கும் பாய் கடைக்குப் போனோம். கழுத்திலிருந்து கால்வரை மூடும் முக்குளிப்புச் சட்டை மூன்று எடுத்துப் போட்டார். ஒன்று கித்தான், கழுத்தில் பித்தளை வளையம். இரண்டாவது தடித்த கறுப்பு ரப்பர். நல்ல சூடு, ஆனால் முழங்கால் மடங்கவில்லை. மூன்றாவது மெல்லிசு ரப்பர். அதைப் போட்டுக்கொண்டு கடை நடுவில் குந்தினாய், எழுந்தாய், கட்டுமரத்தில் நிற்பதுபோல் காலை அகட்டிக் கைகளை விரித்தாய். பாய் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"தம்பி, இன்னாபா இது, கடலுக்குப் போறியா, கூத்துக்குப் போறியா?"

"பாய், வேலை முடிஞ்சா நான் அலைமேல நின்னுகினுதான் கரைக்கு வருவேன். குந்திகினு வரவே மாட்டேன். கால் மடங்கலேன்னா சட்டை எதுக்கு?"

"அப்ப மெல்லிசு எடுத்துக்க. ஆனா குளுரும்."

அங்கேதான் நான் புகுந்தேன். படித்தவன், பட்டறை இஞ்சினீர் அல்லவா! சூடு தருவது ரப்பர் இல்லை, உள்ளே போடும் கம்பளிச் சட்டை. அதற்குள் நிற்கும் காற்று. ரப்பரின் வேலை தண்ணீரை வெளியே நிறுத்துவது மட்டும். ஆகவே கழுத்துப் பட்டையும் மணிக்கட்டுப் பட்டையும் இறுகப் பிடித்தால் போதும் என்று பிரசங்கம் செய்தேன். உனக்கும் தேவராசுவுக்குமாக இரண்டு எடுத்தோம். "இஞ்சினீரு சொன்னா சரிதான்" என்றாய்.

சொன்னதெல்லாம் சரிதான், மச்சான். அதுதான் தாங்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்து ஒரு தாளில் பன்னிரண்டு வரி எழுதிக் கொடுத்தேன். வெயிலில் காயப்போடாதே. ஆணியில் மாட்டாதே. நகம் படாமல் போடு. கழுத்து நுழையாவிட்டால் சோப்புத் தண்ணீர் தடவு. மண்ணெண்ணெய் விளக்குப் பக்கத்தில் வைக்காதே. இப்படிப் பன்னிரண்டு. தனம் அதைச் சுவரில் ஒட்டினாள்.

ஆறு வாரம் ஒரு குறையும் இல்லை. அப்புறம் அந்தக் காலை. நான் ஷிப்டு முடிந்து திருவொற்றியூர்ப் பட்டறையிலிருந்து நேரே ராயபுரம் கரைக்கு வந்து நின்றேன். நீ கட்டுமரத்தில் அலைமேல் ஏறி நின்று வந்தாய். மரம் கவிழ்ந்தது. எத்தனை தடவை கவிழ்ந்திருக்கிறது! விழுவாய், தலையைச் சிலுப்பிக்கொண்டு எழுவாய். கரையில் எல்லோரும் கை தட்டினோம். நானும் தட்டினேன். நீ எழவில்லை. நான் தட்டிக்கொண்டே இருந்தேன், மச்சான். எத்தனை நேரம் என்று தெரியவில்லை.

கரையிலிருந்து இருபது பாகம், நாற்பது கஜத் தூரம்கூட இல்லை. உன்னைத் தூக்கியபோது கழுத்துப் பட்டை ஒரு சாண் கிழிந்திருந்தது. கம்பளி முழுக்க ஊறி, சட்டையின் இரண்டு காலிலும் தண்ணீர் குடம் குடமாக நின்றது. மீனாய் நீந்துகிறவனைச் சட்டை கட்டிப்போட்டுவிட்டது. மரம் இடித்துக் கிழிந்திருக்கும் என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

நேற்று உன் கருமாதி. எல்லோரும் எழுந்த பிறகு தனம் ஒரு மூட்டையைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள்.

"இத நீயே எடுத்துகினு போண்ணா. என்னால பாக்க முடியல."

பிரித்தேன். கழுத்துப் பட்டை என் விரலில் ஒட்டிக்கொண்டது. பலாப்பிசின்போல. முகர்ந்தேன். ஓமம், பூண்டு.

"எண்ணெ தேச்சானா?" என்று கேட்டேன்.

"தெனமும் நாந்தான் தேச்சி வுடுவேன். நம்ம அம்மா அப்பாவுக்குக் காச்சிக் குடுக்குமே, அதே எண்ணெ. கழுத்துக்கு மட்டும் ரெண்டு தபா. அங்கதான் குளுரு புடிக்குதுன்னு அது சொல்லும்." பிறகு என் முகத்தைப் பார்த்தாள். "ஏண்ணா? சட்டையாலதான் போச்சா?"

"இல்ல. அலைதான்" என்றேன்.

என் பட்டறையில் ரப்பர் வாஷரை எண்ணெய்க் கையால் தொட்ட ஆளை நான் எப்படித் திட்டினேன் என்று உன்னிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன். எண்ணெய் ரப்பரைத் தின்னும், அது பாலபாடம். ஆனால் கடலுக்குப் போகிறவன் உடம்பில் எண்ணெய் இருப்பது எனக்கு எண்ணெயாகவே தெரியவில்லை. அப்பா உடம்பு பளபளத்தது, நம் குப்பத்தில் எல்லோர் உடம்பும் பளபளக்கிறது. தோல் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று வளர்ந்தவன் நான். ஆறு வாரம் உன் பக்கத்தில் நின்று, அந்த வாசனையைக் கிண்டல்கூடச் செய்தேன். வெளியூர்க்காரன் எவனாவது இருந்திருந்தால் முதல் நாளே கேட்டிருப்பான்.

அதிர்ச்சி அத்தோடு முடியவில்லை. தனம் அடுப்படியிலிருந்து இந்தச் சீசாவை எடுத்துவந்தாள். "பெரிய மாமா நாளைக்கி கடல்ல எறங்குறாரு. அவருக்கும் காச்சிட்டேன். பாவம், அவருக்கு யாரு கீறா?"

நான் சீசாவைப் பிடுங்கினேன். திகைத்துப்போனாள். நேரே தேவராசு வீட்டுக்குப் போய், அவர் இன்னும் ஒருமுறைகூடப் போடாத சட்டையைக் கொடியிலிருந்து உருவினேன்.

"இன்னா மாமு, எஞ்சட்டைய எங்க தூக்கினு போற?"

"போடாத."

"இன்னாத்துக்கு?"

என் பின்னாலேயே ஓடிவந்த தனம் வாசலில் நின்றாள். சட்டையை அக்குளில் இடுக்கிக்கொண்டேன்.

"படிச்சவன் பயந்துட்டான்டோய்!" என்றார் தேவராசு. "நாளைக்கி பத்து மணிக்கு உன் வூட்டாண்ட வரேன். ஒண்ணு காரணம் சொல்லு, இல்ல சட்டையக் குடு. நங்கூரம் எனக்காவ காத்துகினு இருக்காது."

"நானும் வரேன்" என்றாள் தனம். "எதுனால போச்சின்னு எனக்கும் தெரியணும்."

இரவு உன் சட்டையின் கால் ஓரத்தில் இரண்டு துண்டு வெட்டி, ஒன்றைச் சோப்புத் தண்ணீரிலும் ஒன்றை இந்த எண்ணெயிலும் போட்டு வைத்தேன். காலையில் பார்த்தால் சோப்பில் கிடந்தது அப்படியே இருக்கிறது. எண்ணெயில் கிடந்தது ஊதிப்போய், இழுத்ததும் பிய்ந்து வந்துவிட்டது. சத்தமே இல்லை, மச்சான்.

இப்போது சொல். அவளிடம் எப்படிச் சொல்வேன்? சொன்னால் ஆயுள் முழுக்க அவள் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். சொல்லாவிட்டால் உன் அண்ணன் அந்த எண்ணெயோடு இறங்குவார். சீசாவைப் பிடுங்கி வைத்தாலும் அவள் வேறு காய்ச்சுவாள். பொய்யாக ஒரு காரணம் தேடினேன். கிடைத்த எதையும் தேவராசு நம்பமாட்டார்.

மணி பத்தாக நான்கு நிமிடம். முடிவு செய்துவிட்டேன்.

1. தனத்தை முதலில் உட்காரச் சொல்வேன். அலை என்று நான் சொன்னது பொய் என்பேன்.

2. இரண்டு ரப்பர்த் துண்டையும் அவள் கையில் கொடுத்து இழுத்துப் பார்க்கச் சொல்வேன். எண்ணெய் என்று என் வாயால் சொல்வேன். வேறு யாரும் அவளுக்குச் சொல்லக்கூடாது.

3. அதே மூச்சில் சுவரில் ஒட்டிய தாளைப் பற்றிச் சொல்வேன். ரப்பர் தெரிந்தவன் நான், எண்ணெய் தெரிந்தவனும் நான். பதின்மூன்றாவது வரியை எழுதாதவன் நான். அவள் அடித்தால் வாங்கிக்கொள்வேன்.

4. தேவராசுவுக்குச் சட்டையைத் திருப்பித் தருவேன், இரண்டாவது கம்பளியோடு. எண்ணெய் இல்லாமல்தான். முடியாது என்றால் அவர் கண்ணெதிரே சட்டையைக் கத்தரிப்பேன்.

5. அதன்பின் இந்தக் கடிதத்தைக் குப்பத்து வாசகசாலையின் கையெழுத்துப் பத்திரிகைக்குக் கொடுப்பேன், தனம் சம்மதித்தால். பாய் கடையில் இன்னும் நாலு சட்டை தொங்குகிறது.

6. தேவராசு இறங்கும் நாளில் நானும் மரத்தில் இருப்பேன். கரையில் நின்று இனி யாருக்கும் கை தட்டமாட்டேன். இது உனக்குக் கொடுக்கும் வாக்கு.

கதவு தட்டுகிறார்கள். தனம்தான் தட்டுகிறாள்.

உன் தனத்தின் அண்ணன்,
உன் மச்சான்
கோதண்டம்